ஹோம் கேர் தொடங்க என்ன தகுதி வேண்டும்? முதலில் யாருடைய தகுதி என்று கேட்போம்

சேலத்தில் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, சூரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படும் ஒரு சின்ன போர்டு: "ஹோம் நர்சிங், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும்." தேவை இருப்பதால்தான் போர்டும் இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும். இரும்பாலையிலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் இங்கே தனி வீட்டில். ஒருவர் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், வீட்டில் மூன்று மாதம் என்று ஆகிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தை யார் பார்ப்பது?

இதைப் பார்த்துவிட்டுப் பலர் ஹோம் கேர் தொழில் தொடங்க நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் "என்ன தகுதி வேண்டும்" என்று விசாரித்தால் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பதில்கள் வருகின்றன. "நர்சிங் படித்தவர்கள்தான் தொடங்க முடியும்" என்பது ஒன்று. "ஒரு படிப்பும் வேண்டாம், நாலு பேரைத் தெரிந்தால் போதும்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பி நடந்தவர்கள் இருக்கிறார்கள். முதலாவதை நம்பியவர்கள் தொடங்காமலேயே விட்டுவிட்டார்கள். இரண்டாவதை நம்பியவர்களால் நோயாளிகள் பாதிக்கப்படுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை இரண்டாவதில்தான்.

சங்ககிரி லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்

சங்ககிரியில் பத்து லாரி வைத்திருக்கும் முதலாளிக்கு ஹெவி லைசென்ஸ் இருந்தே ஆக வேண்டுமா? வேண்டாம். அவர் வண்டியே ஓட்டத் தெரியாதவராகக்கூட இருக்கலாம். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கு லைசென்ஸ் கட்டாயம். வண்டிக்கு எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. ஆக முதலாளி, டிரைவர், வண்டி என மூன்று பேருக்கும் மூன்று விதமான காகிதம். முதலாளியிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக, லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியை எடுத்துக்கொண்டு சாலையில் போக முடியாது.

ஹோம் கேரும் அப்படித்தான். தொடங்குபவரின் தகுதி ஒன்று. நோயாளியைத் தொடுபவரின் தகுதி வேறொன்று. நிறுவனத்தின் பதிவுகள் மூன்றாவது. மூன்றையும் ஒரே கேள்விக்குள் திணித்துக் கேட்பதால்தான் முரணான பதில்கள் வருகின்றன. மூன்றில் கடுமையானது நடுவில் உள்ளது, அதனால் அதை முதலில் பார்ப்போம்.

வேலையைப் பொறுத்துத்தான் தகுதி

ஹோம் கேர் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று பராமரிப்பு: குளிப்பாட்டுவது, டயாப்பர் மாற்றுவது, வாய்வழியாகச் சாப்பாடு கொடுப்பது, நடக்கும்போது கைபிடிப்பது, படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, கூட உட்கார்ந்து பேசுவது. இன்னொன்று மருத்துவச் சேவை: ஊசி போடுவது, குளுக்கோஸ் ஏற்றுவது, மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடுவது, யூரின் டியூப் மாற்றுவது, ஆழமான புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது, தொண்டையில் துளை போட்டிருப்பவருக்குச் சளியை சக்‌ஷன் மூலம் எடுப்பது.

இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது? புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் எளிய வழி: வாய்வழிச் சாப்பாட்டைத் தவிர, அந்த வேலையில் ஏதாவது ஒன்று உடம்புக்குள் போகிறதா? ஊசி, டியூப், திறந்த புண்ணில் மருந்து என எது போனாலும் அது நர்ஸ் செய்ய வேண்டிய வேலை. அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான். உடம்புக்கு வெளியே நடப்பது, பயிற்சி பெற்ற அட்டெண்டர் செய்யக்கூடியது.

எல்லா வேலையும் இந்தக் கோட்டுக்கு இந்தப்புறம் அந்தப்புறம் என்று சுத்தமாகப் பிரிந்துவிடாது. சிக்கல் வருவது அந்த இடங்களில்தான். ஏற்கனவே போட்டிருக்கும் ரைல்ஸ் டியூப் வழியாகக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சுலபமான வேலை. சிரிஞ்சில் ஊற்றினால் இறங்கிவிடும். ஆனால் டியூப் நகர்ந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருந்தால் அந்தக் கஞ்சி நுரையீரலில் இறங்கும். நிமோனியா வரும், உயிரே போகலாம். அதனால் ஒவ்வொரு முறையும் டியூப் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்திவைத்து, கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். இதை நர்ஸ் அந்த நோயாளியிடமே செய்து காட்டி, அட்டெண்டர் செய்வதைக் கூட நின்று பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகு அட்டெண்டரிடம் விடலாம் என்பது என் கருத்து. அதற்கு முன்னால் விடக் கூடாது. டியூப் கழன்று வந்துவிட்டால் திரும்பப் போடும் வேலையை எந்த நிலையிலும் அட்டெண்டரிடம் கொடுக்கக் கூடாது.

அதே மாதிரி, கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் சின்ன வேலை என்றும் நினைத்துவிட வேண்டாம். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதில் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் இடுப்பின் பின்புறமும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். அதுதான் படுக்கைப் புண். ஒரு இரவு அசந்து தூங்கியதன் விலை மாதக் கணக்கில் டிரெஸ்ஸிங்காக வரும். அட்டெண்டருக்கும் பயிற்சி அவசியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சுருக்கமாக: தகுதி என்பது போர்டில் எழுதும் பெயரைப் பொறுத்தது இல்லை, செய்யப்போகும் வேலையைப் பொறுத்தது. உடம்புக்குள் போகும் வேலைக்கு நர்ஸ், வெளியே நடக்கும் வேலைக்குப் பயிற்சி பெற்ற அட்டெண்டர், இடைப்பட்டவற்றுக்கு நர்ஸின் மேற்பார்வை.

நர்ஸ் என்று யாரைச் சொல்லலாம்?

இங்கேதான் நம் ஊரில் பெரிய குழப்பம். வெள்ளை உடுப்பில் வந்தால் "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிடுகிறோம். ஆனால் நர்ஸாக வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும்: அங்கீகாரம் பெற்ற படிப்பு, அப்புறம் கவுன்சில் பதிவு.

படிப்பில் மூன்று நிலைகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருடம், பொதுச் செவிலியர் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று வருடம், பட்டப்படிப்பான பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். படித்து முடித்தவர் சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். 1926ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. அந்தப் பதிவு எண்தான் நர்ஸின் லைசென்ஸ். கேரளாவிலோ கர்நாடகாவிலோ படித்துப் பதிந்தவர் இங்கே வேலை செய்ய வந்தால், இங்கேயும் பதிவு வாங்க வேண்டும். ஆள் எடுக்கும்போது மார்க் ஷீட்டைப் பார்த்துத் திருப்தி அடையாமல் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று "நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ" நடத்தும் நிறுவனங்கள் நிறைய. அதில் படித்த பெண்களில் கெட்டிக்காரிகள் பலர். நோயாளியிடம் அவர்கள் காட்டும் பொறுமையை நான் எங்கேயும் பாராட்டுவேன். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. அவர்களை நல்ல அட்டெண்டராக வேலைக்கு எடுக்கலாம். நர்ஸ் என்று சொல்லி ஒரு வீட்டுக்கு அனுப்பி, நர்ஸுக்கான கட்டணத்தை வாங்கினால் அது அந்தக் குடும்பத்தை ஏமாற்றுவது. ஏதாவது அசம்பாவிதம் நடந்துவிட்டால் அந்தப் பெண்ணையும் நட்டாற்றில் விட்டதாக ஆகும்.

பிசியோதெரபிக்கும் இதே நியாயம்தான். பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் பயிற்சி எப்படி, எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு படித்தவர். அவர் காட்டிக் கொடுத்ததை அட்டெண்டர் தினமும் செய்யவைக்கலாம், அவ்வளவுதான்.

அட்டெண்டருக்கு என்ன பார்ப்பது?

அட்டெண்டருக்குக் கவுன்சில் கிடையாது. தேசியத் திறன் பயிற்சித் திட்டங்களில் "ஹோம் ஹெல்த் எய்ட்", "ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்" என்ற பெயர்களில் சில மாதப் பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் உண்டு. சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாதவரை வேலைக்கு வைக்கவே கூடாது என்று சட்டம் இல்லை. ஆனாலும் சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பயிற்சி இல்லாதவரை வீட்டுக்கு அனுப்புவது சரியாகாது. தூக்குவது, திருப்புவது, சாப்பாடு புரையேறினால் செய்ய வேண்டியது, மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்துவது, எப்போது 108க்குக் கூப்பிடுவது, இவ்வளவையும் கையால் செய்து காட்டத் தெரியாதவர் தயாராகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று நம்பகம். ஒரு முதியவரின் படுக்கையறை வரை போகும் ஆள் இவர். பீரோ சாவி தலையணைக்குக் கீழே இருக்கும் வீடு அது. ஆதார் நகலை மட்டும் வாங்கி வைத்தால் போதாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வேலைக்கு எடுப்பவர்களைப் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளுக்குப் போன் போட்டுப் பேசுங்கள். அப்படிப் பேசினால், காகிதத்தில் இல்லாத பல விஷயங்கள் தெரியவரும்.

சரி, தொடங்குபவருக்கு?

இப்போது முதலாளி. இந்தத் தொழிலைத் தொடங்குபவர் நர்ஸாகவோ டாக்டராகவோ இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எம்.பி.ஏ.யும் கட்டாயம் இல்லை. படிப்பு பற்றிய கேள்வி பெரும்பாலும் கடன் வாங்கும் இடத்தில்தான் வருகிறது. உதாரணமாக, மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு மானியத்துடன் கடன் கேட்கலாம். திட்ட மதிப்பு 5 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் 8ஆம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். விவரத்துக்கு சேலத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கே நேரில் போய்விடலாம்.

ஆனால் நர்சிங் தெரியாத முதலாளிக்கு ஒரு துணை கட்டாயம் வேண்டும்: அனுபவமுள்ள ஒரு ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்ஸ். பங்குதாரராகவோ சம்பளத்துக்கோ இருக்கட்டும். புது நோயாளியை முதலில் நேரில் போய்ப் பார்த்து, டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, இவருக்கு அட்டெண்டர் போதுமா நர்ஸ் வேண்டுமா, அல்லது நம்மால் முடியாத கேஸா என்று சொல்ல வேண்டியவர் அவர். "முடியாது" என்று அவர் சொன்னால் முதலாளி கேட்க வேண்டும், மாதம் எவ்வளவு வருமானம் கைவிட்டுப் போனாலும். இந்த ஒரு ஆள் இல்லாமல் தொடங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆபீஸ் வாடகையைக் குறைத்தாவது இவருக்குச் சம்பளம் கொடுங்கள்.

இதுவரை: முதலாளிக்குப் படிப்புக் கட்டுப்பாடு இல்லை. நர்ஸுக்குக் கவுன்சில் பதிவு கட்டாயம். அட்டெண்டருக்குப் பயிற்சியும் சரிபார்ப்பும் நம் பொறுப்பு. இனி நிறுவனத்தின் காகிதங்கள்.

எந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது?

"அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். என்ன பதிவு என்று கேட்டால் பல இடங்களில் உத்யம் சான்றிதழை நீட்டுவார்கள். உத்யம் என்பது சிறு, குறு தொழில்களுக்காக 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இணையப் பதிவு. ஆதார் எண்ணைக் கொடுத்து நாமே நம் தொழிலைப் பற்றிச் சொல்வதை வைத்துத் தருகிறார்கள், கட்டணம் இல்லை. கடனுக்கும் சலுகைக்கும் உதவும், கட்டாயம் வாங்கி வையுங்கள். ஆனால் நோயாளியைப் பார்க்க அது அனுமதி ஆகாது. உங்கள் நர்ஸைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

மருத்துவப் பக்கத்தில் முக்கியமானது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997. இதற்கான விதிகள் 2018இல் வந்தன. மாவட்டத்தில் இதைக் கவனிப்பவர் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர், பேச்சுவழக்கில் ஜே.டி. ஆபீஸ். ஹோம் கேரோடு ஒரு சின்ன கிளினிக்கோ, நோயாளி வந்து ஊசி போட்டுக்கொள்ளும் அறையோ வைத்தால் இந்தப் பதிவு வேண்டும். நர்ஸை வீட்டுக்கு மட்டும் அனுப்பப்போகிறீர்கள் என்றாலும், என்னென்ன சேவை செய்வீர்கள் என்று பட்டியல் போட்டு அந்த அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "தேவையில்லை சார்" என்று யாரோ சொன்னது நாளைக்கு உங்களைக் காப்பாற்றாது.

அட்டெண்டர் மட்டும் அனுப்பும் நிறுவனங்களையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. முதியோருக்கு வீட்டில் சேவை தரும் நிறுவனங்களையும் பதிவு செய்ய வேண்டும், பணியாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் இருக்க வேண்டும் என்ற பிரிவுகள் அதில் இருந்தன. 2024இல் அந்த மக்களவையின் காலம் முடிந்ததோடு மசோதாவும் காலாவதியாகிவிட்டது. நிறைவேறியிருந்தால் இன்றைய குழப்பத்தில் பாதி தீர்ந்திருக்கும். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

மீதி எல்லாம் எந்தத் தொழிலுக்கும் உள்ளவை, வேகமாகப் பார்த்துவிடலாம். 10 பேர் வேலைக்கு வந்ததும் இ.எஸ்.ஐ., 20 பேர் ஆனதும் பி.எஃப். மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி ஆடிட்டரிடம் பேச வேண்டும். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் சமையலும் துணைக்கு இருப்பதும் அந்த விலக்குக்குள் தானாக வந்துவிடாது. அதனால் நர்சிங்கையும் அட்டெண்டர் சேவையையும் முதல் நாளிலிருந்தே பில்லில் தனித்தனியாகக் காட்டுங்கள்.

பெண்களை வேலைக்கு அனுப்புபவர்கள் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டம், வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. நம் அட்டெண்டர் தங்கியிருக்கும் வீடும் அதில் அடங்கும். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிறுவனத்திலேயே புகார்க் குழு அமைக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதை ஒவ்வொரு பெண்ணிடமும் வேலைக்குச் சேரும் அன்றே சொல்ல வேண்டும். இரவு எந்த நேரமானாலும் எடுக்கும் ஒரு போன் எண் அவரிடம் இருக்க வேண்டும். படுக்க ஒரு கதவுள்ள இடம் உண்டா என்று வீட்டைப் பார்க்கப் போகும்போதே கேளுங்கள்.

குடும்பத்தோடு போடும் ஒப்பந்தத்தில் அட்டெண்டர் செய்யும் வேலை எவை, செய்யாதவை எவை என்று தமிழில், படித்ததும் புரிகிற மாதிரி எழுதுங்கள். "இன்சுலின் ஊசிதானே, நீயே போட்டுவிடம்மா" என்று வீட்டார் கேட்பது தினமும் நடப்பது. அந்தக் காகிதத்தைக் காட்டி "எங்க சிஸ்டர் வந்து போடுவாங்க" என்று சொல்ல அவருக்கு அது துணையாக இருக்கும்.

ஏற்காட்டுக்கு ஆள் அனுப்புவதென்றால்

ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாக்களில் முதிய தம்பதிகள் தனியாக இருக்கிறார்கள். சேலத்தில் ஆபீஸ் வைத்துக்கொண்டு மேலேயும் சேவை தரலாம் என்று தோன்றும். காகிதத்தில் தகுதி ஒன்றுதான். ஆனால் நர்ஸின் மேற்பார்வை என்பதற்கு அங்கே அர்த்தம் மாறிவிடுகிறது. அஸ்தம்பட்டியில் டியூப் கழன்றால் நர்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார். மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். மழையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். நாகலூர் பக்கம் என்றால் இன்னும் உள்ளே.

அதனால் டியூப் போட்ட நோயாளியையோ ஆக்சிஜனில் இருப்பவரையோ மேலே ஏற்றுக்கொள்வதாக இருந்தால், ஏற்காட்டிலேயே குடியிருக்கும், கவுன்சில் பதிவுள்ள நர்ஸ் ஒருவரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும் வரை, மலையில் பராமரிப்பு வேலைகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டணம் கொடுக்க முடியாத தோட்டத் தொழிலாளர் வீடுகளிலிருந்து அழைப்பு வந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சொல்லி அனுப்புங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.